சீசன் வீட்டுப் பெண்

ஆனி பிறந்து மலை முகட்டில் மேகம் படுத்துவிட்டால் குத்தாலிங்கத்தின் வீடு குத்தாலிங்கத்துடையது இல்லை. குற்றாலத்தில் கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் இருந்தது அந்த வீடு. முன்பக்கத்து மூன்று அறைகளும் கூடமும் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்குப் போய்விடும். அவரும் மனைவியும் மகள் விஜயமும் கொல்லையில் விறகு அடுக்குகிற சாய்ப்புக்குக் குடிபோவார்கள். பாயும் சட்டிபானையும் சாமி படமும் கூடவே போகும். ஆவணி முடிந்து அருவி இளைத்த பிறகுதான் திரும்ப முன்வாசலுக்கு வருவார்கள். ஊரில் பல வீடுகளில் இதுதான் நடப்பு. யாரும் இதை ஒரு கஷ்டமாக நினைத்ததில்லை.

விஜயம் பிறந்ததே ஓர் ஆடி மாதத்தில், அந்தச் சாய்ப்பில்தான். முன்கட்டில் அப்போது மதுரையிலிருந்து வந்த ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று இருந்ததாம். குழந்தை அழுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அந்த வலியிலும் அம்மா தவித்தாளாம். அருவி இரைச்சலில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

தன் வீட்டு ஜன்னலை வெளியே நின்று பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம். ஜன்னலுக்குள்ளே வாரத்துக்கு ஒரு குடும்பம். சிவகாசிக்காரர்கள், நாகர்கோவில்காரர்கள், பம்பாயிலிருந்து லீவுக்கு வந்தவர்கள். ஈரத் தலையோடு சீட்டு விளையாடுவார்கள். காரணமில்லாமல் சிரிப்பார்கள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் சாரல் ஒரு வெள்ளைத் துணியைப் போல அசைந்துகொண்டிருக்கும். அவள் வெந்நீர் கொண்டுபோய் வைப்பாள். துணி காயப்போடக் கொடி கட்டிக் கொடுப்பாள். ஐந்தருவிக்கு எந்தப் பக்கம் என்று கை காட்டுவாள்.

ஏழெட்டு வயதில் விருதுநகரிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு வாரம் முழுக்கத் தட்டாங்கல் ஆடினாள். அந்தக் கார் கிளம்பியபோது பின்னாலேயே தெருமுனை வரை ஓடி அழுதாள். அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"சீசனுக்கு வந்த பிள்ளை சீசனோட போயிரும். அதுக்குப் போயி ஒப்பாரி வைக்கியே, கூறுகெட்ட கழுத. அவுக திரும்பிப் பாத்தா என்ன நெனப்பாக?"

அம்மாவின் சட்டம் எளிமையானது. போகிறேன் என்பவர்களை ஏன் என்று கேட்கக் கூடாது. இருங்கள் என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது. விடிந்தால் அடுத்த குடும்பம் பெட்டியோடு வாசலில் நிற்கும். புளிச்சோறு கிண்டி வாழை இலையில் கட்டிக் கொடுத்துவிட்டு, கார் முனை திரும்புகிற மட்டும் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான். விஜயம் அதில் நன்றாகத் தேறிவிட்டாள். யாருடைய பெயரையும் மனதுக்குள் வாங்கிக்கொள்ளாமல் அன்பாக நடந்துகொள்ள அவளுக்கு வந்துவிட்டது.

இப்படி வளர்ந்த பெண் எழுபத்தாறாம் வருஷம் புகுமுக வகுப்பில் சேர்ந்தாள். ஊரிலேயே பெண்கள் கல்லூரி இருந்ததால் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் காலை குடை பிடித்தும் நனைந்துகொண்டு கல்லூரி வாசலுக்கு வந்தபோது, தென்காசியிலிருந்து வந்த பஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. கூரையிலிருந்து தகரப் பெட்டிகள் இறங்கின. படுக்கைச் சுருள்கள் இறங்கின. பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, அண்ணாந்து மலையைப் பார்த்து, "எம்மா, எவ்வளவு பக்கத்துல" என்றார்கள். வருஷாவருஷம் அவள் கேட்டுப் பழகிய அதே வார்த்தை. சாரலோடு பெட்டியும் படுக்கையுமாக வருகிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாதா என்ன. ஓடிப்போய் முதல் பெட்டிக்குக் கை கொடுத்தாள்.

அன்று பிற்பகல் வரை அவள் விடுதியில் ஒவ்வோர் அறையாகப் பெட்டி சுமந்தாள். குளிக்கிற இடத்தைக் காட்டினாள். ஜன்னலோரம் ஒழுகும், கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். சமையற்கட்டிலிருந்து வாளியில் வெந்நீர் எடுத்து வந்தபோது, கடையத்துக்காரி பேராச்சி வழியை மறித்து நின்றாள். அவளும் அன்றுதான் விடுதியில் சேர்ந்தவள். ஆனால் பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவள் போல இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"ஏட்டி, நீ படிக்க வந்தியா, வேலைக்கு வந்தியா?"

"படிக்கத்தான்."

"பின்ன எதுக்கு வாளியத் தூக்கிட்டு அலையுத? கீழ வை. வார்டன் பாத்தா சம்பளம் போட்டுருவாக."

அறையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். விஜயமும் சிரித்தாள். வாளியை மட்டும் கீழே வைக்கவில்லை.

பின்னாளில் விஜயம் தென்காசியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தாள். எண்பத்தெட்டில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதுவரைக்கும், கல்லூரியின் முதல் மாதங்களைப் பற்றி யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வாள். எல்லாம் தூக்கத்தில் நடந்த மாதிரி இருந்தது என்பாள்.

அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வகுப்பறை ஜன்னல்களுக்கு வெளியே மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு நகரும். சில நாள் உள்ளேயும் வந்துவிடும், கரும்பலகை மங்கும். பேராசிரியை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போவார். அதுவரை தமிழில் படித்து வந்தவளுக்கு அந்தப் பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபடும். மற்றதெல்லாம் தூரத்து அருவியோடு சேர்ந்து ஓடும். அவள் பெஞ்சின் கடைசியில், கதவை ஒட்டி உட்காருவாள். காற்று வருகிற நல்ல இடங்களை வந்தவர்களுக்கு விட்டுவிட வேண்டுமல்லவா. இந்தப் பேச்சு, இந்தப் பெண்கள், நோட்டில் இவர்கள் எழுதுகிற சத்தம், எல்லாமே ஆவணி வரைக்கும்தான் என்று அவளுக்குள்ளே ஒரு நிச்சயம் இருந்தது. அதை அவள் ஒரு நாளும் எடுத்து யோசித்துப் பார்த்ததில்லை. சுவாசிப்பதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மெஹர் பானு. திருநெல்வேலிப் பக்கத்து மேலப்பாளையத்துப் பெண், விடுதியில் தங்கியிருந்தாள். வீட்டில் எல்லாரும் தறி நெய்கிறவர்கள். அண்ணன் காஜாதான் பிடிவாதமாக அவளைப் படிக்க அனுப்பியிருந்தான். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த இரண்டாம் நாளே கேட்டாள்.

"நீ எந்த ஊரு?"

"இங்கனதான்."

"இங்கனயேவா? அப்ப தெனமும் அருவியிலதான் குளிப்பே?"

"சீசன்ல நாங்க குளிக்க மாட்டோம். வாறவங்களுக்கே எடம் பத்தாது. நீங்க போயிக் குளிங்க. காலம்பற போனீங்கன்னா கூட்டம் இருக்காது."

"என்னட்டி, போங்க வாங்கன்னுட்டு. நான் என்ன உன் மாமியாளா?"

விஜயத்துக்கு நீ என்று வரவில்லை. பெட்டியோடு வந்தவர்களை அவள் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. ஆனால் மெஹர் பானு என்கிற பெயர், எவ்வளவு கவனமாக இருந்தும், உள்ளே போய்விட்டது. காலையில் எழுந்ததும் அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. சந்து முனையைத் தாண்டி நடக்கும்போதே, இன்று அவள் என்ன சொல்லிச் சிரிக்கவைப்பாள் என்று மனம் முன்னால் ஓடியது. இது அவளுக்குப் பயமாக இருந்தது.

மெஹருக்கோ குற்றாலம் ஒத்துக்கொள்ளவில்லை. துவைத்த தாவணி வாரக்கணக்கில் காயாமல் பாசி வாடை அடித்தது. வகுப்பு புரியவில்லை. தூக்கமும் பிடிக்கவில்லை.

"எங்க தெருவுல தறிச் சத்தம் நின்னுதுன்னா யாரோ மௌத்தாயிட்டாங்கன்னு அர்த்தம். இங்கன ராத்திரி பூரா தண்ணிதான் கத்துது. கண்ண மூடுனா எங்கேயோ அடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு. உனக்கு எப்படித்தான் தூக்கம் வருதோ."

"பழகிரும்" என்று சொல்லலாம் என்று விஜயத்துக்குத் தோன்றும். ஆனால் பழகுவதற்கு முன்பே போய்விடுகிறவர்களிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மறுநாள் மெஹரின் ஈரத் தாவணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டு அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தி, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். புகை வாடை அடித்த தாவணியை மெஹர் முகர்ந்து பார்த்துவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஆவணிக் கடைசியில் சாரல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. முன்கட்டில் இருந்த கடைசிக் குடும்பம் கணக்குத் தீர்த்துக்கொண்டு கிளம்பியது. அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம், சோற்று டப்பாவை மூடியபடியே மெஹர் சொன்னாள்.

"நான் ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன், விஜயம். அண்ணன வரச்சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம வாரான்."

விஜயத்தின் வாய் பழகின வழியில் போயிற்று.

"காலையில எத்தன மணி பஸ்?"

மெஹர் அவளையே பார்த்தாள். "ஒம்பது மணிக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை விஜயம் விடியுமுன்னே எழுந்து புளிக்காய்ச்சல் கிண்டினாள். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டாள். அப்பாவுக்கு அருவிக்கரையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் விற்கிற கடை இருந்தது. இலையை வாட்டிப் பொட்டலம் கட்டினாள். மலைத்தேன் ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொண்டாள். பஸ் நிற்கிற இடத்துக்கு அவள் வந்தபோது காஜா பெட்டியைக் கூரையில் ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். வாடிய முகம். மெஹர் பொட்டலத்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"இப்பத்தான் கட்டுனேன். சேரன்மாதேவி தாண்டி சாப்புடுங்க. கெடாது."

"நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல."

பஸ் புறப்பட்டது. ஜன்னலில் முக்காடு தெரிந்தது. முனை திரும்புகிற மட்டும் விஜயம் சிரித்த முகத்தோடு நின்றாள். ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் முன்கட்டுக்குத் திரும்பினார்கள். அறையில் வேறு யாருடைய பவுடரோ மணத்தது. அருவி நூலாகிப் போயிருந்தது. அந்த இரைச்சல் இல்லாத ஊரில் காது வெறுமனே ரீங்கரித்தது. எண்ணெய்க்கடை, பழக்கடை, துண்டுக்கடை எல்லாம் படுதா இறக்கியாயிற்று. கடைத்தெருவில் நாய்கள் நடு ரோட்டில் படுத்துக்கிடந்தன. இந்த நாட்களை விஜயத்துக்கு எப்போதும் பிடிக்கும். கனவு கலைந்த பிறகு, கண்ணைத் திறக்காமல் கொஞ்சம் படுத்திருப்பது போன்ற நாட்கள்.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. அவள் கல்லூரிக்குப் போனாள். வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு போனாள் என்றுகூடச் சொல்ல முடியாது; வேறு மாதிரி இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

வகுப்பு நிரம்பியிருந்தது.

எல்லாரும் இருந்தார்கள். ராஜபாளையத்துப் பெண்ணும், புளியறையிலிருந்து வருகிற மலையாளம் கலந்து பேசுகிற பெண்ணும், பேராச்சியும். வெயிலில் அவர்கள் முகங்கள் பளிச்சென்று, முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தன. ஒருத்தி கன்னத்தில் மச்சம். ஒருத்திக்குப் பூனைக் கண். விஜயம் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பெஞ்சில் மட்டும், அவள் இடத்துக்குப் பக்கத்தில், ஆளில்லை.

"நீங்கள்லாம் எப்பப் போவீங்க?" என்று பேராச்சியிடம் கேட்டாள்.

"எங்க போக?"

"ஊருக்கு."

"பரீச்ச எழுதாமயா? என்ன கேள்வி இது? காச்சல் கீச்சல் அடிக்கா உனக்கு?" பேராச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போனவ ஒருத்திதான். அவளயும் நீதான் சோத்தக் கட்டிக் கொடுத்து வழியனுப்பி வச்சியாமே. உங்கிட்டச் சொல்லுததுக்கு முன்ன ரெண்டு நாளா அந்தப் பிள்ள, 'விஜயம் ஏதாச்சும் சொல்லுவா, விஜயம் ஏதாச்சும் சொல்லுவா'ன்னு மொனங்கிட்டுக் கெடந்தா. பெட்டியப் பூட்டக்கூட இல்ல. நீ எத்தன மணி பஸ்சுன்னு கேட்டியாம். அப்புறந்தான் பூட்டுனா."

விஜயம் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வகுப்பு நடந்தது. அன்று பேராசிரியை சொன்னதில் பாதி அவளுக்கு விளங்கியது. அருவிச் சத்தம் இல்லாததாலோ என்னவோ. ஆனால் கை எதையும் எழுதவில்லை. மூன்று மாதமாகத் தன் பக்கத்தில் ஒரு பெண், 'இரு' என்கிற ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருந்தாள் என்பதும், அந்தச் சொல் தன் வாயில் இல்லவே இல்லை என்பதும் அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தன.

சீசன் முடிந்ததும் காலி எண்ணெய் டின்களைத் திருப்பிக் கொடுக்க அப்பா திருநெல்வேலிப் பக்கத்துப் பேட்டைக்குப் போவது உண்டு. அந்தச் சனிக்கிழமை விஜயமும் கிளம்பி நின்றாள். அவள் எதையும் கேட்டு நின்றதில்லை என்பதால் குத்தாலிங்கத்துக்கு மறுக்கத் தெரியவில்லை. தென்காசியில் ரயில் ஏறித் திருநெல்வேலி போய், அங்கிருந்து பஸ்ஸில் மேலப்பாளையம். தெருப் பெயரைக் கேட்டு விசாரித்து மகளை அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு, வேலை முடிந்து சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு வேறு தாளத்தில் கேட்டது. மெஹர் உள்ளறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்த நூல் அறுந்தது.

அவளுடைய உம்மா ஹாஜரா பீவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஜயம் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். காப்பி வந்தது. குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவ எழுந்தாள்.

"வை மக்கா. வந்த எடத்துல யாராச்சும் ஏனம் கழுவுவாங்களா? உக்காரு."

அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. இன்னொருவர் வீட்டுக்குள் இருந்து ஜன்னலைப் பார்ப்பது தலைகீழாக இருந்தது. வெளியே தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்ன விஷயமா வந்தே?" என்றாள் மெஹர். குரலில் கோபம் ஆறவில்லை.

"இங்க துணி நல்லாக் காயுதா?"

தறியில் இருந்த காஜா சிரித்துவிட்டான். மெஹர் சிரிக்கவில்லை.

"இதக் கேக்கவா ரயிலேறி வந்தே?"

"அங்க ஒருத்தரும் போகல" என்றாள் விஜயம். "எல்லாரும் இருக்காக."

"படிக்க வந்தவளுக எங்க போவாளுக?"

"எனக்கு அது தெரியாது." அவள் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு வாறவங்க எல்லாரும் போயிருவாங்க. இருங்கன்னு சொல்லக் கூடாது. சொன்னா அம்மா வைவா. நான் உன்னையும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

நீ என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. மெஹர் கவனித்தாள். அறுந்த நூலின் இரண்டு முனைகளையும் தேடி எடுத்து முடிச்சுப் போட்டாள். மத்தியானம் சாப்பிட்டார்கள். மெஹர் அவள் தட்டில் கேட்காமலே சோறு போட்டாள்; சாப்பிட்டதும் மறுபடி நூல் சுற்றப் போய்விட்டாள். வெயில் முற்றத்தில் நகர்ந்து சுவரேறியது. விஜயத்துக்கு ரயிலில் ஒத்திகை பார்த்த வார்த்தையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"கெளம்பு, தாயி. ரயிலுக்கு நேரமாச்சு."

விஜயம் எழவில்லை.

"நீங்க போங்கப்பா. இவ வராம நான் வரல."

குத்தாலிங்கம் திகைத்துப்போனார். பிறத்தியார் வீட்டில் குரல் உயர்த்தவும் முடியாமல், "என்னட்டி பேசுத? அந்தப் பிள்ளைக்குப் புடிக்கலன்னு வந்துட்டு. நாம போயி மல்லுக்கு நிக்கலாமா?" என்றார்.

"நிக்கலாம்" என்றாள் விஜயம். கண்ணில் நீர் வந்துவிட்டது. மெஹரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ வரட்டும். துணிய நான் காயப்போட்டுத் தாறேன். பாடம் எனக்கும்தான் புரியல, சேந்து படிப்போம். தூக்கம் வரலன்னா எங்க வீட்டுல வந்து படுக்கட்டும், இப்ப முன்கட்டு காலியாத்தான் கெடக்கு. போகக் கூடாது, மெஹர். நீ போகக் கூடாது. இரு."

தறி நின்றிருந்தது. "பானு," என்றான் காஜா, "நான் மூணு மாசமாச் சொல்லி நடக்கல. ஜப்தி பண்ண ஆள் வந்தாச்சு. என்ன சொல்லுத?"

மெஹர் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வார்டன்கிட்ட காச்சல்னுதான் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். பிறகு விஜயத்தின் அப்பாவைப் பார்த்து, "நாளைக்கு நாங்களே வந்துருதோம் மாமா. இவ இன்னைக்கு இங்கன இருக்கட்டும்" என்றாள்.

ஹாஜரா பீவி பாய் தட்டிப் போட எழுந்தார். குத்தாலிங்கம் இரண்டு மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தெருவில் நடந்து போனார்.

மறுநாள் காஜா அவர்களைத் திருநெல்வேலியில் ரயிலேற்றி, பெட்டியைக் காலடியில் தள்ளி வைத்துவிட்டு இறங்கினான். அம்பாசமுத்திரம் வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"கொஞ்ச நாள் இருந்து பாப்பேன். ஒத்துக்கலன்னா திரும்பிருவேன், பாத்துக்கோ."

"திரும்பு. நான் பின்னாலயே வருவேன்."

"சனியன்" என்றாள் மெஹர், பிரியமாக.

கடையம் தாண்டி மலை பக்கத்தில் வந்தது. காற்று குளிர்ந்தது. மெஹர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தோளை அசைக்கக் கூடாதே என்று விஜயம் உட்கார்ந்திருந்தாள். வயல்கள் பச்சையாகச் சுற்றிக்கொண்டு போயின. முந்தின இரவு உறங்காத கண்கள் அவளுக்கும் மூடிக்கொண்டன.

கண் விழித்தபோது ரயில் நின்றிருந்தது. தென்காசி எப்போதோ வந்து போயிருந்தது. வெளியே செங்கோட்டை என்று பலகை தெரிந்தது. பெட்டியில் வேறு ஆள் இல்லை. இருவரும் அலறியடித்துக்கொண்டு தகரப் பெட்டியை இறக்கினார்கள். பிளாட்பாரத்தில் நின்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, பெட்டியின் மேலேயே அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். மேற்கே வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்க விஜயம் எழுந்திருக்கவில்லை.